பேருந்துச் சுற்றுலா: பெரிய எழுத்தும் பொடி எழுத்தும்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டாலே நம் கைப்பேசிகளில் சுற்றுலா விளம்பரங்கள் வந்து குவியத் தொடங்கிவிடுகின்றன. 'கேமரன் மலை 2 நாள் 1 இரவு', 'பினாங்கு 3 நாள் 2 இரவு', 'ஹாட்யாய் 3 நாள் 2 இரவு' என வண்ண வண்ணத் துண்டறிக்கைகள் புலனக் குழுக்களில் வலம் வருகின்றன. எல்லாவற்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. நடுவில் மஞ்சள் வட்டத்துக்குள் ஒரு தொகை, கொட்டை எழுத்தில் மின்னும். அடியில் எறும்பு ஊர்வதைப் போலச் சில வரிகள் இருக்கும். நாம் மஞ்சள் வட்டத்தைப் பார்த்துப் பெயர் கொடுக்கிறோம். எறும்பு வரிகளைப் பணம் கட்டிய பிறகு பார்க்கிறோம். பலர் அப்போதும் பார்ப்பதில்லை.

அந்த எறும்பு வரிகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஒரு சுற்றுலாவின் உண்மையான விலை அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. குடும்பச் சுற்றுலாவில் அதைப் படிக்காமல் விட்டால் நம் பணப்பைக்கு நட்டம். பள்ளிச் சுற்றுலாவில் படிக்காமல் விட்டால், அந்த நட்டம் வகுப்பிலேயே வசதி குறைந்த பிள்ளையின் தலையில் போய் விடிகிறது. ஆகவே, பள்ளியின் பெயரால் நடைபெறும் எந்தப் பேருந்துச் சுற்றுலாவாக இருந்தாலும், முழுச் செலவையும் எழுத்தில் பெற்று, அதனைத் தமிழில் பெற்றோருக்கு அறிவித்த பின்னரே பணம் வசூலிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குறைந்த விலை எங்கிருந்து வருகிறது?

பேருந்து வாடகை, ஓட்டுநரின் சம்பளம், எண்ணெய், நெடுஞ்சாலைக் கட்டணம், விடுதி அறை, உணவு, நுழைவுச் சீட்டு, வழிகாட்டி ஆகியவை சேர்ந்ததுதான் ஒரு சுற்றுலா. இவற்றுள் எதுவும் எவருக்கும் இலவசமாகக் கிடைப்பதில்லை. அப்படியிருக்க, ஒரு நிறுவனம் மற்றவர்களைவிட நூறு ரிங்கிட் குறைவாக விலை சொல்கிறது என்றால், அந்த நூறு ரிங்கிட் எங்கோ ஓரிடத்தில் ஒளிந்திருக்கிறது என்று கொள்வதே விவேகம். பொதுவாக அது மூன்று இடங்களில் ஒளிந்திருக்கும்.

முதலாவது, 'தொடங்கி' என்னும் சொல். 'பெரியவர் ஒருவருக்கு 299 ரிங்கிட் தொடங்கி' என்றால், அது மிகக் குறைந்த நிலையில் உள்ள விலை. வார நாளில் புறப்பட்டு, ஓர் அறையில் நால்வர் தங்கினால் மட்டுமே அந்த விலை பொருந்தக்கூடும். கணவன் மனைவி இருவர் மட்டும் ஓர் அறையில் தங்கினால் விலை ஏறும். தனியாக வரும் பாட்டிக்குத் தனியறை வேண்டுமென்றால் இன்னும் ஏறும். பள்ளி விடுமுறைக் காலம் என்றால் அதற்கென ஒரு கூடுதல் தொகை இருக்கும். நாம் ஆசிரியர்களும் மாணவர்களும் ஆயிற்றே! பள்ளி விடுமுறையில் அல்லாமல் வேறு எப்போது போகப் போகிறோம்? ஆகவே, அந்த விளம்பர விலை நம் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாத விலை.

இரண்டாவது, விடுபட்டவை. 'நுழைவுக் கட்டணம் சேர்க்கப்படவில்லை', 'மதிய உணவு சொந்தச் செலவு', 'ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் அன்பளிப்பு நாளொன்றுக்கு இவ்வளவு' என்று பொடி எழுத்தில் இருக்கும். சேர்க்கப்பட்டவை என்று காட்டுவதில் வேறொரு சாமர்த்தியமும் உண்டு. நுழைவுக் கட்டணமே இல்லாத இடத்தை 'நுழைவு உட்பட' என்று போடுவது அது. பத்துமலைப் படிகளில் ஏறி முருகனைத் தரிசிக்க எவரும் கட்டணம் வாங்குவதில்லை. அதனைச் சலுகையாகக் காட்டும் துண்டறிக்கையைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

மூன்றாவது, கடைகள். சில சுற்றுலாக்களில் வழியெங்கும் கடை நிறுத்தங்கள் வரும். தைலக் கடை, சாக்லேட் கடை, ஹாட்யாய் பக்கம் போனால் ரப்பர்த் தலையணைக் கடை. பயணிகள் வாங்கும் பொருளில் ஒரு பங்கு, அழைத்து வந்தவர்களுக்குத் தரகாகச் செல்வதுண்டு. அந்த எதிர்பார்ப்பில்தான் சுற்றுலா விலை அடிமட்டத்துக்குக் குறைக்கப்படுகிறது. இது வெறும் ஊகமன்று. இவ்வழக்கம் மிகவும் முற்றிப்போனதால், சீன அரசாங்கம் 2013 அக்டோபர் 1-இல் நடைமுறைக்குக் கொண்டு வந்த சுற்றுலாச் சட்டத்தில், நியாயமற்ற குறைந்த விலையில் ஆள்களைச் சேர்த்து, கடைகளில் பொருள் வாங்க வைத்து ஆதாயம் பெறுவதைத் தடை செய்தது. தாய்லாந்து அரசாங்கமும் 2016-இல் இத்தகைய 'இலவசச் சுற்றுலா' நிறுவனங்கள் மீது கடும் நடவடிக்கை எடுத்தது. கடையில் நாம் ஒன்றும் வாங்காவிட்டாலும் நம் நேரம் அங்கே செலவாகிறது. மூன்று கடைகளில் முக்கால் மணி நேரம் வீதம் நின்றால், இரண்டே கால் மணி நேரம் போயிற்று. அதுவும் ஒரு மறைமுகச் செலவுதான்.

சொற்களின் உள்ளர்த்தம்

மொழி ஆசிரியை என்ற முறையில், இந்தத் துண்டறிக்கைகளின் சொல்லாட்சி என்னை வியக்க வைக்கிறது. ஓர் இடத்தின் பெயருக்குப் பக்கத்தில் 'நுழைவு' என்று இருந்தால் உள்ளே செல்வோம். 'படமெடுக்க நிறுத்தம்' என்று இருந்தால் வாசலில் பதினைந்து நிமிடம் நின்று படம் எடுத்துக்கொண்டு புறப்படுவோம். 'கடந்து செல்லுதல்' என்று இருந்தால் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. மூன்றும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும். பெற்றோரோ பத்து இடங்களையும் பார்க்கப் போவதாக நினைத்துக்கொள்கின்றனர்.

'இந்த விடுதி அல்லது இதற்கு இணையானது' என்பது இன்னொரு சொற்றொடர். படத்தில் கடற்கரை விடுதி இருக்கும். போய் இறங்கும்போது கடல் எந்தத் திசையில் உள்ளது என்று கேட்க வேண்டியிருக்கும். 'இணையானது' என்பதை யார் தீர்மானிப்பது என்று எங்கும் எழுதியிருப்பதில்லை. 'விருப்பத் தேர்வு' என்பதும் அவ்வாறே. பேருந்து ஓரிடத்தில் இரண்டு மணி நேரம் நிற்கும். உள்ளே போகப் பணம் தனி. போகாதவர்கள் வெயிலில் நிற்கலாம். அதற்கு விருப்பத் தேர்வு என்று பெயர்.

வரி, கட்டணம் என்று சொல்லி வாங்கப்படும் தொகைகளையும் நாம் அறிந்திருக்க வேண்டும். விடுதி அறைக்கான சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. விலையில் அது அடக்கமா என்று கேட்க வேண்டும். 2017 செப்டம்பர் 1-இல் அறிமுகமான சுற்றுலா வரி, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். ஆனால், அது வெளிநாட்டவருக்கு மட்டுமே உரியது. மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் செலுத்த வேண்டியதில்லை. பினாங்கு, மலாக்கா, லங்காவி போன்ற இடங்களில் ஊராட்சிக் கட்டணமாகவோ மரபுடைமைக் கட்டணமாகவோ அறைக்கு ஒரு சிறு தொகை தனியே வாங்கப்படலாம். தாய்லாந்துக்குச் செல்பவர்கள் 2025 மே 1 முதல் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குத் தாய்லாந்து அரசாங்கம் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. நிரப்பித் தருவதற்கு ஒருவர் பணம் கேட்டால், அது அவருடைய உழைப்புக்கான கூலி. கொடுப்பதும் கொடுக்காததும் நம் விருப்பம். ஆனால், அதனை 'எல்லைக் கட்டணம்' என்று சொல்லி வாங்குவது முறையன்று.

ஒரு குடும்பத்தின் கணக்கு

வகுப்பறையில் கணக்குப் போடுவது போல இங்கும் போட்டுப் பார்ப்போம். இது நானே அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர். ஹாட்யாய் 3 நாள் 2 இரவு. பெரியவருக்கு 350 ரிங்கிட், சிறுவருக்கு 300 ரிங்கிட். ஆக 1,300 ரிங்கிட். குடும்பத் தலைவர் மனத்தில் பதிவது இந்தத் தொகைதான்.

இனிப் பொடி எழுத்துக்கு வருவோம். சிறுவருக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் தலைக்கு 40; இருவருக்கு 80. பள்ளி விடுமுறைக் கூடுதல் தலைக்கு 30, நால்வருக்கு 120. அன்பளிப்பு நாளொன்றுக்குத் தலைக்கு 10. நால்வருக்கு மூன்று நாளைக்கு 120. விருப்பத் தேர்வு இடம் ஒன்று, தலைக்கு 45, நால்வருக்கு 180. சேர்க்கப்படாத மூன்று வேளை உணவு, வேளைக்குத் தலைக்கு 15, நால்வருக்கு 180. வருகை அட்டை நிரப்பக் கூலி தலைக்கு 10, நால்வருக்கு 40. இவை அனைத்தையும் கூட்டினால் 720 ரிங்கிட். மொத்தச் செலவு 2,020 ரிங்கிட். விளம்பரத் தொகையைவிட ஏறத்தாழ 55 விழுக்காடு அதிகம்.

இப்போது வேறொரு நிறுவனம், எல்லாம் உட்படத் தலைக்கு 450 ரிங்கிட் என்று நேர்மையாக அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நால்வருக்கு 1,800 ரிங்கிட். முதல் பார்வையில் இது 500 ரிங்கிட் அதிகம். பயணம் முடிந்து திரும்பும்போது 220 ரிங்கிட் குறைவு. ஆனால், நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது நிறுவனத்தை 'விலை அதிகம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். அதன் விளைவு என்ன? நேர்மையாக விலை சொல்பவர் வாடிக்கையாளரை இழக்கிறார். அடுத்த ஆண்டு அவரும் மஞ்சள் வட்டத்துக்குள் சிறிய தொகையைப் போடக் கற்றுக்கொள்கிறார். பொடி எழுத்தை வளர்ப்பதில் நமக்கும் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காடு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. ஒரு துண்டறிக்கையை அப்படியே வகுப்புக்குக் கொண்டு சென்று, முழுச் செலவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேள்வி கேட்பார்கள். அதைவிடச் சிறந்த பயனீட்டாளர் கல்வி வேறில்லை.

பள்ளிச் சுற்றுலாவில் நட்டம் யாருக்கு?

குடும்பச் சுற்றுலாவில் ஒருவர் ஏமாந்தால், முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கட்டிவிடுவார். பள்ளிச் சுற்றுலா அப்படிப்பட்டதன்று. அங்கே பணம் கேட்கப்படுவது பத்து வயதுப் பிள்ளையிடம். அதுவும் நண்பர்கள் முன்னிலையில்.

சில ஆண்டுகளுக்கு முன் மலைப்பகுதிக்குச் சென்ற ஒரு சுற்றுலாவில் துணை ஆசிரியையாகச் சென்றிருந்தேன். நிகழ்ச்சி நிரலில் 'தேயிலைத் தோட்டம் பார்வையிடல்' என்று இருந்தது. அடிவாரம் வந்ததும், குறுகிய பாதையில் பெரிய பேருந்து ஏறாது, சிறு வண்டியில்தான் போக வேண்டும், தலைக்கு எட்டு வெள்ளி என்று முகவர் அறிவித்தார். பாதை குறுகியது என்பது அவருக்கு அன்று காலையில் தெரிந்த செய்தியன்று. பிள்ளைகள் பணத்தை எடுத்தனர். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் இருக்கையை விட்டு எழவில்லை. அருகில் சென்றேன். "டீச்சர், எனக்குத் தலை சுத்துது. நான் பஸ்லேயே இருக்கேன்" என்றான். அவன் சட்டைப் பையில் ஐந்து வெள்ளி இருந்தது. அதில் அம்மாவுக்கு ஏதாவது வாங்கிச் செல்ல வேண்டும் என்று காலையில் என்னிடம் சொல்லியிருந்தான். நாங்கள் ஆசிரியர்கள் அவனுக்கும் இன்னும் சிலருக்கும் பணம் கட்டி அழைத்துச் சென்றோம். அது பெரிய காரியமில்லை. ஆனால், பத்து வயதில் ஒரு பிள்ளை தன் இல்லாமையை மறைக்கத் தலைசுற்றலை வரவழைத்துக்கொள்ள வேண்டியதாயிற்றே, அதற்கு யார் பணம் கட்டுவது?

அந்த எட்டு வெள்ளியை முதலிலேயே கட்டணத்தில் சேர்த்திருந்தால், பெற்றோர் தவணையில் கட்டியிருப்பார்கள். அல்லது பெற்றோர் ஆசிரியர் சங்கம் அமைதியாக உதவியிருக்கும். பிள்ளைக்குத் தெரிந்தே இருக்காது. மறைக்கப்பட்ட செலவு வெளிப்படும் நேரமும் இடமும்தான் கொடுமையானவை. கைவிரல்களுக்குள் அடங்கும் தொகையாக இருந்தாலும், அந்த இடத்தில் அது ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகளிடமிருந்து பிரித்துக் காட்டிவிடுகிறது.

ஆசிரியர்கள் முகம் சுளிக்கக்கூடிய ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 'பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் இலவசம்' என்று முகவர்கள் சலுகை தருவதுண்டு. உண்மையில் அது இலவசமா? தலைக்கு 90 ரிங்கிட் செலவாகும் பயணத்தில் 40 மாணவர்களும் 4 ஆசிரியர்களும் சென்றால் மொத்தம் 3,960 ரிங்கிட். அதனை 40 பேர் மட்டும் கட்டினால் தலைக்கு 99 ரிங்கிட். ஒவ்வொரு பிள்ளையும் ஒன்பது ரிங்கிட் கூடுதலாகக் கட்டுகிறது. ஆசிரியர் தம் கைப்பணத்தைக் கட்ட வேண்டும் என்பது என் வாதமன்று. அவர் விடுமுறையை விட்டுவிட்டு, பிள்ளைகளைக் காக்கும் பணிக்காக வருகிறார். அச்செலவை யார் ஏற்கிறார்கள் என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சங்க நிதியிலிருந்து கொடுக்கலாம். நன்கொடை பெறலாம். பிள்ளைகள் கட்டணத்தில் அடக்கம் என்றால் அதையும் எழுதிவிடலாம். மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

அடுத்தது மொழி. பல பள்ளிகளில் சுற்றுலா அறிவிப்பைத் தமிழில் அழகாகத் தயாரித்து அனுப்புகிறார்கள். நாள், இடம், கட்டணம், அணிய வேண்டிய உடை எல்லாம் இருக்கும். முகவரின் விதிமுறைகள் மட்டும் மலாயிலோ ஆங்கிலத்திலோ அப்படியே நின்றுவிடும். பெரிய எழுத்து தமிழாகிறது. பொடி எழுத்து தமிழாவதில்லை. தமிழ் மட்டுமே நன்கு படிக்கத் தெரிந்த தாய்மார்கள் நம் பள்ளிகளில் இன்றும் இருக்கிறார்கள். 'முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்ற ஒரு வரி அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டியது அல்லவா? அந்த வரியை மொழிபெயர்க்க ஐந்து நிமிடம் போதும்.

உயிருக்கு நேரான செலவு

குறைந்த விலையில் ஒளிந்திருப்பது பணம் மட்டுமன்று. கண்ணுக்குத் தெரியும் எதையும் குறைத்தால் பயணிகள் குறை சொல்வார்கள். விடுதி மோசம், சாப்பாடு மோசம் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாதவற்றைக் குறைத்தால் யாரும் குறை சொல்வதில்லை. சக்கரத்தின் தேய்மானம், இரண்டாவது ஓட்டுநர், ஓட்டுநருக்கு ஓர் அறை, அவருக்குப் போதுமான உறக்கம் ஆகியவை அத்தகையவை.

2025 ஜூன் 9 அதிகாலையில், பேராக் மாநிலம் கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் நிகழ்ந்த பேருந்து விபத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள் 15 பேர் அதில் உயிரிழந்தனர். அப்பேருந்துக்கான உரிமத்தைப் பெற்றிருந்த நிறுவனம் அதனை மற்றொரு தரப்புக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது பின்னர் தெரிய வந்தது. அதன் உரிமம் ரத்து செய்யப்பட்டது. வாடகை மலிவாக இருந்ததால் விபத்து நேர்ந்தது என்று நான் கூறவில்லை. அப்படிக் கூற எனக்கு ஆதாரமும் இல்லை. ஆனால், நாம் பேசும் முகவர் ஒருவர், உரிமம் பெற்றவர் இன்னொருவர், உண்மையில் பேருந்தை இயக்குபவர் மூன்றாமவர் என்ற நிலை இருக்கக்கூடும் என்பதை அந்நிகழ்வு நமக்குக் காட்டியது. பேருந்து யாருடையது, அதனை ஓட்டப்போவது யார் என்ற கேள்விகளும் பொடி எழுத்தைச் சார்ந்தவைதாம்.

2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இருக்கை வார்ப்பட்டை அணிவது கட்டாயமாகியுள்ளது. நாம் வாடகைக்கு எடுக்கும் பேருந்தில் எல்லா இருக்கைகளிலும் வார்ப்பட்டை உள்ளதா, அவை வேலை செய்கின்றனவா என்று புறப்படும் நாளுக்கு முன்பே கேட்டுக்கொள்வது நம் கடமை.

"நம்ம ஆளுதான், டீச்சர்"

இவ்வளவும் சொன்னால் மூன்று மறுப்புகள் எழுகின்றன.

"முழுத் தொகையைப் போட்டால் பெற்றோர் பயந்துவிடுவார்கள், பிள்ளைகள் சேரமாட்டார்கள்" என்பது முதலாவது. முழுத் தொகையைக் கட்ட இயலாத குடும்பம், பாதித் தொகையைக் காட்டி அழைத்து வரப்பட்டால் மட்டும் மீதியை எங்கிருந்து கொண்டு வரும்? முன்பே தெரிந்தால் மூன்று மாதம் சேமிக்கலாம். இயலாவிட்டால் பள்ளியிடம் தெரிவிக்கலாம். அதற்குப் பிறகும் எண்ணிக்கை குறைந்தால், அருகில் உள்ள இடத்துக்கு ஒரு நாள் பயணமாக மாற்றிக்கொள்ளலாம். புக்கிட் கியாராவில் உள்ள தேசிய அறிவியல் மையமோ தேசிய விலங்கியல் பூங்காவோ பிள்ளைகளுக்குக் கசக்கப் போவதில்லை.

"எல்லாவற்றையும் முன்கூட்டியே உறுதிசெய்ய முகவரால் முடியாது, விலை மாறும்" என்பது இரண்டாவது. இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளைப் பாருங்கள். ஒப்பந்தத்துக்கு முன்பே வரிகளும் கூடுதல் கட்டணங்களும் உட்பட்ட மொத்த விலையைச் சொல்லியாக வேண்டும். பின்னர் விலை 8 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால், பயணி அபராதமின்றி விலகிக்கொள்ளலாம். அங்கே முடிகிறது என்றால் இங்கே ஏன் முடியாது? சட்டம் இல்லாவிட்டாலும், நாற்பது பேரைக் கொண்டு செல்லும் பள்ளி இந்த நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். வாடிக்கையாளரை இழக்க எந்த முகவருக்கும் மனம் வராது.

மூன்றாவது மறுப்புத்தான் கடினமானது. "டீச்சர், அந்தத் தம்பி நம்ம ஆளுதான். கணக்குக் கேட்டா மனசு வருத்தப்படும்" என்பார்கள். நம் சமூகத்தில் தெரிந்தவர், உறவினர், கோயில் நண்பர் ஆகியோர் பேருந்து பிடித்து ஆள் சேர்ப்பது வழக்கம். பலர் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால், சுற்றுலா நடத்துவதைத் தொழிலாகச் செய்ய, 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்கீழ் சுற்றுலா அமைச்சின் உரிமம் தேவை. உரிமம் உள்ளதா என்று கேட்பது அவமதிப்பன்று. நம் வகுப்பறைக்கு வெளியார் ஒருவர் வந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அலுவலகத்தில் பெயர் பதிந்துவிட்டு வரச் சொல்கிறோம் அல்லவா? இதுவும் அப்படித்தான். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது, அந்நியரை மட்டும் மனத்தில் வைத்தன்று.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. சுற்றுலா நிறுவனத்தின் உரிம எண் என்ன? பணம் நிறுவனத்தின் கணக்குக்குச் செல்கிறதா, தனிநபர் கணக்குக்கா?

2. இந்த விலை எத்தனை பேருக்கு ஓர் அறை என்ற கணக்கில் சொல்லப்பட்டது? விடுமுறைக் கூடுதல் உண்டா?

3. எந்தெந்த நுழைவுக் கட்டணம் அடக்கம்? மலேசியர் கட்டணம் பெற மைகார்டு, மைகிட் கொண்டுவர வேண்டுமா?

4. பேருந்து ஏற இயலாத இடம் உண்டா? அங்கே மாற்று வண்டிக்கான செலவு யாருடையது?

5. எத்தனை வேளை உணவு அடக்கம்? அன்பளிப்புத் தொகை கட்டாயமா?

6. பேருந்து வாடகை எத்தனை மணி நேரத்துக்கு? நேரம் கடந்தால் மணிக்கு எவ்வளவு? ஓட்டுநரின் அறையும் உணவும் யார் பொறுப்பு?

7. குறைந்தது எத்தனை பேர் சேர வேண்டும்? எண்ணிக்கை குறைந்தால் பயணம் ரத்தாகுமா, தலைக்குக் கட்டணம் ஏறுமா?

8. நாம் விலகினால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள்? அவர்கள் ரத்து செய்தால், வெள்ளம், புகைமூட்டம் காரணமாகப் பயணம் தடைபட்டால், பணமாகத் திருப்பித் தருவார்களா, பற்றுச்சீட்டா?

9. பேருந்தின் உரிமையாளர் யார்? பதிவு எண் என்ன? இரவுப் பயணம் என்றால் இரண்டாவது ஓட்டுநர் உண்டா?

10. காப்புறுதி உள்ளதா? அது யாருக்கு, எவற்றுக்குப் பொருந்தும்?

எட்டாவது கேள்வியின் அருமையை 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பலர் உணர்ந்தனர். கட்டிய பணத்துக்குப் பதிலாகக் காலவரையறை இட்ட பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது பயணம் போவோம் என்று தெரியாமல் இருந்தவர்களை நான் அறிவேன். விதிமுறையில் என்ன எழுதியிருந்தது என்று அப்போதுதான் தேடிப் பார்த்தார்கள்.

இக்கேள்விகளுக்கான பதில்களை வாய்மொழியாகப் பெறாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். புலனத்தில் வந்த பதிலாக இருந்தாலும் அதைச் சேமித்து வையுங்கள். துண்டறிக்கையையும் பற்றுச்சீட்டையும் பயணம் முடியும்வரை பத்திரப்படுத்துங்கள்.

அதன் பின்னரும் ஏமாற்றப்பட்டால், குடும்பத் தேவைக்காகப் பணம் கட்டிய தனிநபர்கள், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். மனுவுக்கான கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டு செல்லலாம். மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்வழி, நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு எதிரான பாதுகாப்பும் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. பொடி எழுத்தில் அச்சிடப்பட்ட காரணத்தாலேயே ஒரு விதி நியாயமானதாகிவிடாது. இதனை நம் பெற்றோர் பலர் அறியாமல், "கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்ன செய்ய?" என்று விட்டுவிடுகிறார்கள்.

சுற்றுலாவே வேண்டாம் என்பது என் கருத்தன்று. கடலையே பார்க்காத பிள்ளை, மலையையே பார்க்காத பிள்ளை இன்னும் நம் வகுப்புகளில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பள்ளிப் பேருந்துதான் உலகைக் காட்டும் வாகனம். அதனால்தான் சொல்கிறேன். அடுத்த பள்ளிச் சுற்றுலாவுக்கான அறிவிப்பைத் தயாரிக்கும் ஆசிரியர்கள், 'கட்டணம்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'முழுக் கட்டணம்' என்று எழுதுங்கள். அதன்கீழ், 'பயணத்தின்போது மாணவர்களிடம் வேறு எத்தொகையும் வாங்கப்படமாட்டாது' என்று ஒரு வரி சேர்த்து, தலைமையாசிரியரின் கையொப்பத்தைப் பெறுங்கள். அந்த ஒரு வரியைத் துணிந்து எழுத வேண்டுமானால், மேற்கண்ட பத்துக் கேள்விகளையும் முகவரிடம் கேட்டே ஆக வேண்டும். பெற்றோர்களே, அந்த வரி இல்லாத அறிவிப்பு வீட்டுக்கு வந்தால், கையெழுத்திடுமுன் பள்ளியைத் தொடர்புகொண்டு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சிந்திப்போம். செயல்படுவோம்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியை